ஓடக்கூடாத பிள்ளை

வவுனிக்குளம்,
19.02.1967

சிற்றம்பலத்துக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. கவனித்திருப்பாய். தபாற்கந்தோரில் கிடந்து ஊராரின் கடிதங்களை எல்லாம் பிரித்து அனுப்பின உனக்கு, இந்த இரண்டு வருசத்தில் கூடப்பிறந்தவளுக்கு ஒரு வரி எழுத வரவில்லை. நானும் எழுதவில்லை. எழுதியிருக்கவும் மாட்டேன். இது பிள்ளையின் காரியம்.

என் மகள் கமலாசனி உன் மகன் தில்லைநாதனைக் கட்டினதால் அருந்ததி எனக்கும் பேத்தி, உனக்கும் பேத்தி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் பிறந்தது என் வீட்டில். காது கேளாது, வாய் பேசாது என்று தெரிந்த நாள் தொடக்கம் என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். ஏழு வயதாகிறது. அவளைக் கொழும்புக்குக் கொண்டு போனது எனக்குத் தெரியாது. வவுனியாவில் சீலை எடுக்கப் போகிறோம் என்று சொல்லி வெளிக்கிட்டார்கள். உன் மகனும் ஓமென்று தலையாட்டினார். இரண்டு நாள் கழித்து நேற்றுத்தான் திரும்பி வந்தார்கள். கையில் சீலை இல்லை.

"எங்க போனனியள்?" என்று கேட்டேன்.

"ஆசுபத்திரிக்கு அம்மா. மாமா கூட்டிக்கொண்டு போனவர்."

"எந்த மாமா?"

"எனக்கு எத்தினை மாமா?"

அந்த வாய் அவளுக்கு உன் பக்கத்தால் வந்தது. டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "மாமாவைக் கேளுங்கோ. டொக்டர் இங்கிலீசில கதைச்சவர். ஓட விடக்கூடாதாம், எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். இன்னும் எழும்பவில்லை.

மார்கழியில் கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு போய் அருந்ததி விழுந்தாள். கண் மேலே போனது. உதடு நீலம். பிறகு தானாக எழும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு மூத்தவன் பாலனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. அவனும் காது கேளாத பிள்ளை. அவன் செத்த விதத்தை இங்கே எழுதவில்லை. எழுதினால் நீ மிச்சத்தைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய்.

டொக்டர் சொன்னதை முழுக்க எழுது. கந்தோர்த் தமிழ் வேண்டாம். நான் நாலாம் வகுப்பு.

அன்னபாக்கியம்


முல்லைத்தீவு,
27.02.1967

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் அங்கே யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தேன். மத்தியானம் வரை பிரிக்காமல் மேசையில் வைத்திருந்தேன்.

நான் கமலாசனியைத் தேடிப் போகவில்லை. பிள்ளை விழுந்த பிறகு அவள்தான் பஸ் ஏறி இங்கே வந்தாள். விறாந்தைக் கதிரையில் இருந்து, "மாமா, இவளையும் குடுக்க என்னால ஏலாது" என்றாள். உங்களிடம் சொன்னால் விடமாட்டீர்கள் என்றும் சொன்னாள். அது அவள் சொன்னது.

டொக்டர் பிள்ளையின் நெஞ்சிலும் கைகாலிலும் வயர் பூட்டி ஒரு யந்திரத்தில் கடதாசி ஓட்டினார். கடதாசியில் மேடும் பள்ளமுமாகக் கோடு விழுந்தது. அதைப் பார்த்தவர் அடுத்த அறையில் இருந்த டொக்டர்மாரையும் கூப்பிட்டுக் காட்டினார். இது வலிப்பு இல்லையாம். மூளையில் ஒரு குறையும் இல்லை. குறை இருதயத்தில்.

அவர் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இருதயத்துக்கு இரண்டு வகை நரம்புகள் போகின்றன. ஒன்று அதை ஆறுதலாக அடிக்கச் சொல்லும். மற்றது கெதியாக அடிக்கச் சொல்லும். நரம்பு என்றால் தந்திக்கம்பி போல இருதயத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நரம்பின் நுனிக்கும் இருதயத்தின் தசைக்கும் நடுவில் மயிரிழை அளவு இடைவெளி இருக்கிறது. செய்தி வந்ததும் அந்த நுனி ஒரு சாற்றைக் கசிய விடுகிறது. சாறு இடைவெளியைக் கடந்து போய்த்தான் செய்தியைச் சொல்கிறது. ஆறுதல்படுத்தும் சாற்றுக்கு அசெற்றைல்கோலின் என்று பெயர். கெதிப்படுத்துவதற்கு நோர்அட்ரினலீன். அதற்குக் கூடப்பிறந்தது போல அட்ரினலீன் என்று ஒன்று உண்டு. அது சிறுநீரகத்தின் மேலே தொப்பி மாதிரி இருக்கும் சுரப்பியிலிருந்து இரத்தத்தோடு வரும்.

நான் நம்பாதது போல இருந்தேனாக்கும், அவர் தவளைக் கதை ஒன்று சொன்னார். முன்னொரு காலம் ஐரோப்பாவில் ஒருவர் இரண்டு தவளைகளின் இருதயங்களை வெளியே எடுத்துத் தண்ணீரில் அடிக்க விட்டாராம். ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அது கிடந்த தண்ணீரை எடுத்து மற்றதன்மேல் விட்டார். நரம்பே இல்லாத அந்த இருதயமும் துடிப்பைக் குறைத்தது. தண்ணீரில் சாறு இருந்திருக்கிறது.

பயந்தால் எங்களுக்கும் நெஞ்சு படபடக்கும், பிறகு அடங்கும். அருந்ததியின் இருதயம் ஒருமுறை அடித்துவிட்டு அடுத்த அடிக்கு ஆயத்தமாக மற்றவர்களைவிட அதிக நேரம் எடுக்கிறது. அதற்குள் கெதிச் சாறு வந்து கொட்டினால், அது அடிக்காமல் நடுங்கும். நடுங்குகிற இருதயத்தால் இரத்தத்தைத் தள்ள ஏலாது. பிள்ளை விழும். நடுக்கம் தானாக நின்றால் எழும்பும். காதுக்கும் நெஞ்சுக்கும் ஒரே குறைதானாம். குளிர் நாடொன்றில் காது கேளாத பிள்ளைகள் இப்படி விழுந்ததைப் பத்து வருசத்துக்கு முன்னர் அங்குள்ள டொக்டர்மார் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே ஓடக்கூடாது. நீந்தக்கூடாது. பிடரிப் பக்கமாக வந்து தொடக்கூடாது. திடுக்கிட வைக்கக்கூடாது. அவள் காணும்படி முன்னால் வந்து நின்றுதான் கூப்பிட வேண்டும். அந்தச் சாறு இருதயத்துக்குள் நுழையும் வாசலை அடைக்கப் புதுக் குளிசை மருந்து ஒன்று இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். இவளுக்குச் சரிவரும் என்று டொக்டர் உறுதி சொல்லவில்லை. பார்ப்போம் என்றார்.

தம்பி,
சிற்றம்பலம்


வவுனிக்குளம்,
12.03.1967

சிற்றம்பலத்துக்கு,

உன் கடிதத்தை மூன்று பொழுது வைத்துப் படித்தேன். எனக்கு விளங்கினது இதுதான். குளத்துத் துருசைத் திறக்கிறவன், வயல் ஆயத்தமோ இல்லையோ என்று பாராமல் மதகைத் தூக்கிவிட்டால் விதைத்தது முழுக்கத் தண்ணீருக்குள் போகும். தண்ணீரில் பிழை இல்லை. மற்ற வயல்களுக்கு அதே தண்ணீர்தான். இந்த வயல் ஆயத்தமில்லை. சரிதானே. பெயர்கள் வாயில் வரவில்லை. கெதிச் சாறு என்றே வைத்துக்கொள்கிறேன்.

திடுக்கிட வைக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறாய். அதை எழுதும்போது உன் கை நிற்கவில்லையா?

நீ மறந்திருப்பாய், அதனால் நான் எழுதுகிறேன். இரண்டு வருசத்துக்கு முன்னர் ஒரு பங்குனி மாதம். பாலன் அந்தக் கிழமை இரண்டாம் தரம் விழுந்திருந்தான். நீ முல்லைத்தீவிலிருந்து பூசாரியையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாய். "தம்பி, பிள்ளைக்குப் பேயுமில்லை, ஒண்டுமில்லை" என்றேன். "அக்கா, உங்களுக்கு என்ன தெரியும், இது கழிப்புக் கழிக்கிற கேஸ்" என்றாய். கேஸ் என்றாய். படித்தவர்கள் பேசுகிற அந்தச் சொல்லை என் வீட்டு முற்றத்தில் நின்று சொன்னாய்.

பொழுதுபடுகிற மம்மல் நேரம் முற்றத்தில் கோலம் கீறி, நீற்றுப்பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் வைத்து, பிள்ளையைக் கிழக்கே பார்க்க இருத்தினீர்கள். பூசாரி பின்னால் நின்றான். உடுக்கை அடித்தான். பாலனுக்கு அது கேட்காது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மடியில் வைத்திருந்த பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பூசாரி பின்னாலிருந்து வேப்பிலையால் முதுகில் அடித்து, பிள்ளை திரும்ப, முகத்துக்கு நேரே பந்தத்தை நீட்டினான். திடுக்காட்டினால் பேய் இறங்கும் என்று நீதான் பூசாரிக்குப் பக்கப்பாட்டுப் பாடினாய். பிள்ளை சரிந்தது. நான் எழும்பினேன். நீ என் தோளைப் பிடித்து இருத்தினாய். "தொடாதேங்கோ அக்கா, இறங்குது" என்றாய்.

இறங்கினது என்ன என்று இப்போது எழுது.

அன்னபாக்கியம்


முல்லைத்தீவு,
25.03.1967

அக்காவுக்கு,

பாலனைப் பற்றி டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

டொக்டர் முதலில் கேட்டது வேறொன்று. தாயும் தகப்பனும் சொந்தமா என்று கேட்டார். மச்சானும் மச்சாளும் என்றேன். பேனையை வைத்துவிட்டு, அப்படித்தான் இருக்கும் என்றார். இந்தக் குறையில் ஒரு பாதி மட்டும் இருப்பவர்களுக்கு ஒன்றும் செய்யாது. காதும் கேட்கும், நெஞ்சும் ஒழுங்காக அடிக்கும். இரண்டு பக்கத்தாலும் பாதி பாதியாக வந்து சேர்ந்தால்தான் இப்படி. எங்களைப் பெற்ற அப்புவிடமோ ஆச்சியிடமோ இருந்தது உங்களுக்கு ஒரு பாதி, எனக்கு ஒரு பாதி வந்திருக்கலாம்.

அந்தக் கலியாணத்தைக் கேட்டது யார் என்று டொக்டர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. "என்ர மகளை எடுக்காட்டி உன்ர படலை மிதிக்கமாட்டன்" என்று சொன்னது யார் என்று எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

இன்னும் இரண்டு விசயம் நான் முன்னர் எழுதவில்லை. பயம் மட்டும் இல்லை, கோபமும் அந்தச் சாற்றைக் கொண்டுவரும், பெரிய சந்தோசமும் கொண்டுவரும். சாற்றுக்கு வித்தியாசம் தெரியாது என்றார்.

மற்றது. விழுந்த பிள்ளை தானாக எழும்பாவிட்டால், கழுத்தில் நாடி இல்லாவிட்டால், நெஞ்செலும்பின் நடுவில் கை முட்டியால் ஓங்கிக் குத்த வேண்டும். சிலவேளை அந்த அதிர்ச்சியில் நடுக்கம் நின்று துடிப்புத் திரும்பும். டொக்டர் தலையணையில் குத்திக் காட்டினார். கமலாசனி அதைப் பார்த்ததும் அறையை விட்டு வெளியே போய்விட்டாள். என் மகன் வயலில் நிற்பவன். வீட்டில் நாள் முழுக்க இருப்பது நீங்கள்தான். அதனால் எழுதுகிறேன்.

சிற்றம்பலம்


வவுனிக்குளம்,
16.04.1967

சிற்றம்பலத்துக்கு,

ஓம், நான்தான் கேட்டேன். படலை மிதிக்கமாட்டேன் என்றும் சொன்னேன். அதை நான் மறைக்கவில்லை. குறை தெரிந்து நான் கேட்கவில்லை. நீயும் தெரிந்து செய்யவில்லை என்று இதற்குப் பதில் எழுதுவாய். எழுதாதே.

அப்புவின் கடைசித் தங்கச்சி ஒருத்தி இருந்தாள். நீ அப்போது தவழ்கிற பிள்ளை. ஊமைச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், பெயர் ஒருவருக்கும் தெரியாது. கோயில் தேர் திரும்புகிற நேரம் சனம் தள்ளினபோது விழுந்தாள், எழும்பவில்லை. அம்மன் எடுத்துப்போட்டா என்று சொல்லிப் பொங்கினார்கள். நான் அந்தப் பொங்கலைத் தின்றனான். டொக்டருக்கு இது உதவுமென்றால் எழுதி அனுப்பு.

இங்கே வீட்டை ஒரு மட்டத்தில் வைத்திருக்கிறேன். ஒருவரும் ஓடுவதில்லை. ஒருவரும் சத்தம் போட்டுச் சிரிப்பதில்லை. அவளுக்குச் சத்தம் கேளாதுதான், முகம் தெரியும். சித்திரை வருசத்துக்குச் சட்டை தைக்கவில்லை. ஊஞ்சலை அவிழ்த்துவிட்டேன். கமலாசனி பின்னேரத்தில் கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாள். நான் அழுகிறதும் இல்லை. காலையில் சோறு, பகலில் சோறு, இரவில் சோறு. அருந்ததி முற்றத்தில் குந்தியிருந்து மண்ணில் கோடு கீறுவாள். ஆர் வந்தாலும் வளவைச் சுற்றிப் போய் அவளுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். தபாற்காரனிலிருந்து தேங்காய்க்காரன் வரை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

அடுத்த காணி வீரகத்தி யானைக்கு வெடி கொளுத்துகிறான். போய்ச் சண்டை பிடித்தேன்.

"ஆச்சி, உங்கட பெட்டைக்குக் காது கேளாதுதானே" என்றான்.

"மண்ணுக்குக் கேக்கும். அவள் மண்ணிலைதான் இருக்கிறாள்."

"அப்ப யானைக்கு நான் என்ன செய்ய?"

"யானைக்கும் முன்னால போய் நிண்டு கும்பிடு."

இப்போது ஊர் என்னைப் பார்த்து நமட்டுச் சிரிப்புச் சிரிக்கிறது. சிரிக்கட்டும், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.

குத்துவதைப் பற்றி எழுதியிருந்தாய். நான் அவளுக்கு ஒருநாளும் கை ஓங்கினதில்லை. பாலனுக்கும் இல்லை. இப்போது எல்லோரும் வயலுக்குப் போன பிறகு, அவளும் கண்ணயர்ந்த பிறகு, அறைக்குள் நெல்மூட்டையில் குத்திப் பார்க்கிறேன். முட்டி தோல் உரிந்துவிட்டது. பழகிவிடும்.

நீ இங்கே வராதே. கொழும்பில் இரண்டு நாள் உன் தோளில் இருந்ததிலிருந்து அவள் உன்னைத்தான் தேடுகிறாள். மேல் உதட்டில் விரலை வைத்து மீசை காட்டிக் காட்டி என்னைக் கேட்கிறாள். நான் தெரியாது என்று தலையாட்டுகிறேன்.

அன்னபாக்கியம்


முல்லைத்தீவு,
30.05.1967

அக்காவுக்கு,

குளிசை வந்துவிட்டது. டொக்டர் அனுப்பிய பொதி முந்தநாள் கிடைத்தது. இதைத் தபாலில் போட எனக்கு மனம் இல்லை. நான் இருந்த வேலையை நானே நம்பவில்லை என்று நீங்கள் சிரிக்கலாம். மழை நாளில் மாங்குளத்துச் சந்தியில் பொதிகள் எப்படிக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு குளிசையை நான்காக உடைக்க வேண்டும். எப்படிக் கூட்டுவது, நாடி எந்த அளவுக்குக் குறைந்தால் நிற்பாட்டுவது என்பதை நேரில் காட்ட வேண்டும். கமலாசனிக்குக் காட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். சோறு வேண்டாம். தண்ணீர் என்றாலும் வழியில் குடித்துக்கொள்வேன். பிள்ளைக்கு ஒன்றும் கொண்டுவரமாட்டேன். சிரிக்கமாட்டேன்.

வர விடுங்கோ.

சிற்றம்பலம்


வவுனிக்குளம்,
07.06.1967

சிற்றம்பலத்துக்கு,

வா. குளிசைக்காக.

படலை வரைக்கும் பஸ் வரும். அதில் வந்து இறங்காதே. அவள் திடீரென்று உன்னைக் கண்டால் திடுக்கிடுவாள். முந்தின சந்தியில் இறங்கிக் குளக்கட்டாலே நடந்து வா. முற்றத்திலிருந்து பார்த்தால் குளக்கட்டு முழுக்கத் தெரியும். தூரத்தில் சின்னதாகத் தெரிந்து, மெல்ல மெல்லப் பெரிதாகி, அவள் கண்ணுக்குப் பழகி, பிறகு வந்து சேர். முன்னால்தான் வர வேண்டும் என்று டொக்டர் சொன்னதும் அதைத்தானே. எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாயோ அவ்வளவுக்கு நல்லது.

வெயில் ஏற முதல் வா.

அன்னபாக்கியம்


வவுனிக்குளம்,
21.06.1967

சிற்றம்பலத்துக்கு,

நீ அடுத்த நாள் விடியச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய். வீரகத்தி கண்டு சொன்னான். குளிசைப் போத்தலை அலுமாரிக்கு மேலே வைத்திருந்தாய். கமலாசனி நீ காட்டியபடி உடைத்துக் கொடுக்கிறாள். பிள்ளை உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிட்டேன்.

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாய். அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன்.

குளக்கட்டில் நீ வருவதை அவள்தான் முதலில் கண்டாள். மாடுகளுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு வேட்டி, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு நடை தெரிந்திருக்கிறது. எழும்பி நின்று மேல் உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. முகத்தை ஒரு மட்டத்தில் வைத்திருந்தேன். அவள் திரும்பினாள். படலை திறந்து கிடந்தது.

எனக்குக் கை எட்டும் தூரம். பிடித்திருக்கலாம். பிடரிப் பக்கத்தால் தொடக்கூடாது என்று கை நின்றுவிட்டது. முன்னால் போய் நிற்க வேண்டும் என்று நானும் ஓடினேன். இந்த வயதில் அந்தப் பிள்ளைக்கு முன்னால் ஓட என்னால் ஏலுமா? நீ கிட்டத்திலிருந்து வந்திருந்தால் அவளுக்கு ஓட இடம் இருந்திராது. தூரத்தால் வரச்சொன்னது நான்.

உன் காலடியில் வந்து விழுந்தாள். சிரித்த முகத்தோடு விழுந்தாள். நான் வந்து சேர உதடு நீலமாகிவிட்டது. கழுத்தில் விரலை வைத்தேன். ஒன்றும் இல்லை. தானாக வரும் என்று பார்த்தேன். வரவில்லை. குத்தினேன். நெல்மூட்டை மாதிரி இல்லை. எலும்பு மெலிசு, கைக்குத் தெரிந்தது. "அடிக்காதேங்கோ அக்கா" என்று நீ சொன்னாய். குத்தச் சொல்லி எழுதினவனும் நீதான். திரும்பவும் குத்தினேன்.

ஒரு மூச்சு வந்தது. பிறகு மற்றது வந்தது. கண்ணைத் திறந்தாள். அடுத்த குத்துக்கு ஓங்கின கை மேலே நின்றது. கண் திறந்ததும் அவள் கண்டது அதைத்தான். என் முகத்தையும் அந்தக் கையையும்.

இப்போது அவள் என்னிடம் வருவதில்லை. என் கையால் சோறு வாங்குவதில்லை. நான் முற்றத்துக்கு வந்தால் உள்ளே போகிறாள், உள்ளே வந்தால் முற்றத்துக்குப் போகிறாள். நெஞ்சில் குத்துப்பட்டுக் கறுத்துக் கிடக்கும் கண்டலைச் சட்டையை விலக்கித் தாய்க்குக் காட்டி, என் பக்கம் விரலை நீட்டுகிறாள். அவளுக்கு என்னவென்று சொல்ல? காது கேட்கிற பிள்ளை என்றாலாவது சொல்லலாம்.

அன்னபாக்கியம்


முல்லைத்தீவு,
09.07.1967

அக்காவுக்கு,

சொல்லாமல் வந்தது பிழைதான். இரவு முழுக்கப் பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டு விறாந்தையில் இருந்தேன். விடிய உங்கள் முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

அன்றைக்குத் தொடாதேங்கோ என்றது இந்த வாய். இன்றைக்கு அடிக்காதேங்கோ என்றதும் இதே வாய். இறங்கினது என்ன என்று நீங்கள் பங்குனியில் எழுதிக் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. பல தரம் தொடங்கினேன். எழுத வரவில்லை.

டொக்டருக்கு எல்லாம் அறிவித்தேன். குளிசையைக் கொஞ்சம் கூட்டச் சொல்கிறார். அவள் பிழைத்தது உங்கள் கையால்தான் என்றும் எழுதியிருக்கிறார். அதைக் கமலாசனிக்குப் படித்துக் காட்டுங்கள்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். டொக்டர் கீறியதைப் பார்த்து நான் கீறியது. ஒரு பிள்ளை விழுகிறது, நெஞ்சுக்குள் இருதயம் நிற்கிறது, ஆச்சி குத்துகிறா, இருதயம் அடிக்கிறது. அருந்ததி மண்ணில் கோடு கீறுகிற பிள்ளை, கோடு அவளுக்கு விளங்கும். குளிசை ஒத்துக்கொண்டால் கைதடியில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கலாம். எழுத்துப் பழகினால் ஒருநாள் எல்லாவற்றையும் எழுதிக் காட்டிவிடலாம். உங்களை அவள் பிழையாக நினைத்துக்கொண்டிருக்கக்கூடாது.

தம்பி,
சிற்றம்பலம்


வவுனிக்குளம்,
20.08.1967

தம்பிக்கு,

படத்தை அவளுக்குக் காட்டவில்லை. கமலாசனி காட்டப் போனாள், நான் வாங்கி அடுப்பில் வைத்துவிட்டேன். நன்றாகத்தான் கீறியிருந்தாய். என் மூக்கைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டாய்.

ஏன் என்று சொல்கிறேன். அவளுக்கு இப்போது தெரிந்தது ஆச்சி அடித்தா என்பது மட்டும். தன் நெஞ்சு நின்றது என்று தெரியாது. அதை அவளுக்குத் தெரியப்படுத்தினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அது அடிக்கிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டேயிருக்கும். அந்தப் பயத்தை எந்தப் படலையைச் சாத்தி நிற்பாட்டுவாய்? நீ தந்த குளிசையால் அதற்கு ஈடுகொடுக்க ஏலுமா? பள்ளிக்கூடத்துக்கு விடு, எழுத்துப் படிக்கட்டும். இதை மட்டும் எழுதிக் காட்டாதே. பெரிய பிள்ளையாகித் தானாகக் கேட்டால் அப்போது பார். நான் இருக்கமாட்டேன்.

கோபமும் அந்தச் சாற்றைத்தானே கொண்டுவரும் என்று நீ கேட்பாய். அதை நானும் யோசித்தேன். அவள் கோபம் ஆறுகிற கோபம் இல்லை. எனக்குத் தெரியும், அது எங்கேயிருந்து வந்தது என்று. நான் எதிர்ப்படும்போதுதான் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. எதிர்ப்படாவிட்டால் ஒன்றுமில்லை. ஆகவே ஆடி மாதம் பாயையும் சட்டி பானையையும் எடுத்துக்கொண்டு வயலில் காவலுக்குப் போட்ட வாடிக்கு வந்துவிட்டேன். தில்லைநாதன் கூரையை வேய்ந்து தந்தார். கமலாசனி அழுதாள். அழுகிறதென்றால் கிணற்றடிக்குப் போ என்றேன்.

குளிசை வேலை செய்கிறது. விழவில்லை. கை கொஞ்சம் குளிர்ந்திருக்கிறதாம், பகலிலும் நித்திரை கொள்கிறாளாம். ஓட வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவள் போல நடக்கிறாளாம். எல்லாம் கமலாசனி வந்து சொல்கிறதுதான். வாடியிலிருந்து பார்த்தால் முற்றம் தெரிகிறது, முகம் தெரியாது.

நீ இனி வரலாம். பஸ்ஸில் படலை வரைக்கும் வந்து இறங்கு, நடக்க வேண்டாம். அவளோடு விறாந்தையில் இரு. சோறு தின்றுவிட்டுப் போ. பாலனைப் பற்றி எழுத வரவில்லை என்றால் விடு. நான் அதை மறக்கவும் மாட்டேன், இனிக் கேட்கவும் மாட்டேன்.

ஒன்று மட்டும். கமலாசனியோடு என்னைப் பற்றிக் கதைக்கும்போது வாடிப் பக்கம் கையைக் காட்டாதே. நான் இங்கே இருப்பது அருந்ததிக்குத் தெரியாது. அவள் மற்றவர்களின் கையைப் பார்த்துத்தான் எல்லாம் விளங்கிக்கொள்கிறவள்.

அக்கா,
அன்னபாக்கியம்